செழியன் வந்து ஆடும் நேரம்

ஏழாயிரம்பண்ணையில் ஆவுடைத்தாயின் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், யாராக இருந்தாலும் முதலில் கை கால் கழுவ வேண்டும். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும், தேய்ந்து போன சோப்புத் துண்டும் எந்நேரமும் இருக்கும். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, பழுது பார்த்த வீடியோ கேமை வாங்கிப் போக வருகிறவர்கள் அந்த வாளியைத் தாண்டி ஓர் அடி வைத்தாலும் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

"எண்ணே, அங்கனயே நில்லுங்க! இங்க சால்டரிங் கம்பி காயுது."

ஈயத்தை உருக்கும் அந்தக் கம்பியின் நுனியில் எப்போதும் நெருப்பு ஒளிந்திருக்கும். வருகிறவர்களின் தலைமுடியிலும் சட்டை மடிப்பிலும் பட்டாசு மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இதில் அவள் கட்டிய கணவனுக்கும் சலுகை கிடையாது.

"மாரியம்மன் கோயிலுக்குக்கூட நான் இம்புட்டுச் சுத்தமாப் போனதில்ல" என்பான் சங்கிலிமுத்து. கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை ஓட்டுகிறவன் அவன்.

"போயிருந்தா அம்மா நமக்கு ஒரு பிள்ளையக் குடுத்திருப்பா" என்பாள் ஆவுடைத்தாய், தலையை நிமிர்த்தாமலே. அவன் வாளியிலிருந்து இன்னொரு கை தண்ணீர் அள்ளிக் காலில் ஊற்றிக்கொள்வான்.

அவள் மல்லாங்கிணற்றுப் பெண். வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் காரியாபட்டியில் பெண்களுக்கென்று ஒரு தையல் பயிற்சி நடத்தினார்கள். இவள் போய்ச் சேர்ந்தபோது தையல் வகுப்பில் இடம் தீர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் ரேடியோ மெக்கானிக் வகுப்பில் ஆளே இல்லை. வந்த பஸ்ஸுக்குத் திரும்பிப் போக மனமில்லாமல் அங்கே உட்கார்ந்தவள்தான். வாழ்க்கை எந்தக் கதவு வழியாக நம்மை உள்ளே இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கல்யாணமாகி வந்த ஊரில் எல்லாப் பெண்களையும்போலச் சரவெடி பின்னப் போனாள். சில வருடங்களில் இருமல் பிடித்துக்கொண்டது. மருத்துவர் இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் வீட்டில் உட்கார்ந்து ரேடியோ பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தாள். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த காலம் வந்தது. பட்டணத்தில் பிள்ளைகள் தூக்கிப் போட்ட, கேசட் செருகி ஆடும் பழைய வீடியோ கேம்கள், சிவகாசிக் கடைகள் வழியாக இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. வந்த வேகத்தில் கெட்டும் போயின. ஆவுடைத்தாயின் வீடு அவற்றால் நிறைந்தது.

பெட்டியைத் திறந்ததும் அவள் முதலில் செய்கிற வேலை, சைக்கிள் பம்பால் காற்றடிப்பது. பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். கேசட்டின் பித்தளைப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளேயிருக்கும் சர்க்யூட் பலகையைத் துடைப்பாள். உள்ளேயிருந்து கரப்பான் முட்டை வரும், எறும்பு வரும், எந்த வீட்டுப் பிள்ளையோ ஒளித்துவைத்த புளிய முத்து வரும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் பளபளவென்று வெள்ளித்தூள் கொஞ்சம் வரும்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சின்னத்தாய் அந்த வீட்டுக்கு வந்தாள். கம்பெனி லீவு நாள். வெயில் தெருவை வெளுத்துப் போட்டிருந்தது. ஒரு குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்து, பழைய பள்ளிச் சட்டை ஒன்றில் சுற்றிய பெட்டியைக் கொண்டுவந்தாள். வாளியில் கை கால் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்ததும் ஆவுடைத்தாய் திறந்து வைத்திருந்த பெட்டியை ஓரமாக நகர்த்தினாள். போன தீபாவளி சீசனில், பூச்சட்டிப் புஸ்வாணம் போடும் கம்பெனி ஒன்றில் ஓர் அறை வெடித்துச் சிதறியதே, அதில் போனவன் சின்னத்தாயின் மூத்த மகன் செழியன். கருமருந்து திணிக்கும் வேலை பார்த்தவன். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். கட்டைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்படியே சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஊரே கதறியது. சின்னத்தாய் மட்டும் அழவில்லை. மூட்டையைப் பார்த்துவிட்டு, "இதுவா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாளாம். புருஷன் இருளாண்டி வேறொருத்தியோடு போய் வருடங்களாகிவிட்டன. இப்போது அவளுக்கென்று இருப்பது எழில் என்கிற ஒரே மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறவள்.

"என்ன மதினி, நல்லாயிருக்கீகளா?" அந்தக் கேள்வியின் அபத்தம் கேட்ட பிறகுதான் ஆவுடைத்தாய்க்கு உறைத்தது.

"நல்லாயிருக்கேன் தாயி." சின்னத்தாய் சிரித்தாள். "படம் நிக்க மாட்டேங்குது. கரகரன்னு கலைஞ்சு போகுது. பிள்ளை ஆட முடியாம அல்லாடுது."

"எழிலா ஆடுறா?"

"அவளுக்கு இதெல்லாம் ஏது. செழியன்தான்."

ஆவுடைத்தாயின் கையிலிருந்த திருப்புளி நழுவித் தரையில் விழுந்தது.

சின்னத்தாய் அதைக் கவனிக்கவில்லை. சட்டையைப் பிரித்துப் பெட்டியை வெளியே எடுத்தாள். கையில் பிடித்து ஆடும் ரிமோட்டைத் தனியாகத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பெட்டியைத் திறந்துக்கோ. என்ன வேணும்னாலும் பண்ணு. இந்த ரிமோட்டை மட்டும் திறக்கப்படாது. சத்தியம் பண்ணு."

"ஏன் மதினி?"

"இதுலதான அவன் கை இருக்கு."

ஆவுடைத்தாய் சத்தியம் செய்தாள். வேறென்ன செய்ய முடியும்? அடாப்டரில் ஒரு கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தது. மாற்றினாள். கேசட் செருகும் இடம் முழுக்க அழுக்கு. சுத்தம் செய்தாள். தன் டிவியில் மாட்டிப் போட்டதும் படம் கண்ணாடிபோல நின்றது. செங்கல் சுவர், நீல வானம், நடுவில் நீலச் சட்டை போட்ட குட்டி மனிதன். பட்டனை அமுக்கினால் நடப்பான், தாவுவான். அமுக்காவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பான்.

இப்போது நின்றுகொண்டிருந்தான்.

"பாருங்க மதினி. படம் நல்லா வருது. ஆனா இவன் அசையலையே."

"இங்கன வரமாட்டான்" என்றாள் சின்னத்தாய், ரொம்பச் சாதாரணமாக. "இது அவன் வீடு இல்லையே."

நாலு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டுப் பொழுது சாயும் நேரத்தில் எழில் வந்தாள். சீருடையின் கைகள் இறுகிப் போய்த் தோளில் தையல் விட்டிருந்தது. வாளியில் கையை முக்கினாள், ஆனால் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கத்தினாள்.

"அத்தை, ஏன் அதைச் சரி பண்ணுனீக? கெட்டே போச்சு, இனிமே ஓடாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நீங்கல்லாம் மனுசிதானா?"

"ஏட்டி, உள்ள வா. என்னன்னு சொல்லு."

"வர மாட்டேன். எங்கம்மாவை நீங்க அதுக்குள்ள போட்டு மூடிட்டீக."

அழுகையும் கோபமுமாக அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாயங்காலம் வேன் வந்து இறக்கிவிட்டதும் அம்மா நேரே டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். ரிமோட்டை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். எந்தப் பட்டனையும் தொட மாட்டாள். கொஞ்ச நேரம் பொம்மை சும்மா நிற்கும். பிறகு தானாக நடக்க ஆரம்பிக்கும். "வந்துட்டியாப்பா" என்பாள் அம்மா. அன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்வாள். அதற்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு வைப்பாள்.

"முந்தாநாள் எனக்குக் காய்ச்சல், அத்தை. உடம்பெல்லாம் கொதிக்குது, தொட்டுப் பாரும்மான்னேன். அண்ணன்கிட்டச் சொல்லு, அவன் பார்த்துக்கிடுவான்னு சொல்லுறா." எழில் மூக்கை உறிஞ்சினாள். "நேத்து இன்னொண்ணு சொன்னா. அண்ணன் வேலை பார்த்த அந்தக் கம்பெனியைத் திரும்பத் திறந்துட்டாகளாம். வார திங்கக்கிழமையிலிருந்து அங்கதான் போவாளாம், அதே வேலைக்கு. 'நீயே எம்புட்டு நாளைக்கு வருவே, நான் அங்க வந்துடுறேன்'னு டிவியைப் பார்த்துச் சொல்லுறா. எங்கம்மா சாகப் போறா அத்தை. எனக்கு எங்கம்மா வேணும்."

பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போதே அநாதையாகிப்போன குழந்தையின் குரல் அது. ஆவுடைத்தாய் சால்டரிங் கம்பியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள். ஒரு திருப்புளியையும், ஸ்பிரிட் பாட்டிலையும், டேப்பையும், கொஞ்சம் பஞ்சையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். எழிலோடு, சின்னத்தாயின் வீடு இருக்கும் கீழத் தெருவுக்கு நடக்கும்போது வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பட்டன் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். வேறொன்றும் இருக்காது. வேறென்ன இருக்க முடியும்?

விளக்கு வைக்கும் நேரம். வேன் வந்து போன புழுதி இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது மனித உருவமாகவே தெரியவில்லை. தலை, முகம், கழுத்து, முழங்கை வரைக்கும் வெள்ளி. சின்னத்தாய் கம்பி மத்தாப்புக் கம்பெனியில் மருந்துக் குழம்பில் கம்பி முக்குகிறவள். அந்த வேலையில் இருக்கும் எல்லாப் பெண்களும் வெள்ளிச் சிலைபோலத்தான் வீடு திரும்புவார்கள், திரும்பியதும் முதல் வேலையாகக் குளித்துவிடுவார்கள். மருந்தோடு வீட்டுக்குள் உட்காருகிற பெண் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இவள் உட்கார்ந்திருந்தாள். டிவியின் நீல வெளிச்சம் அந்த வெள்ளி முகத்தில் நெளிந்தது. கண்களின் வெள்ளை மட்டும் மனிதக் கண்ணாக இருந்தது. பக்கத்தில் தட்டு நிறையச் சோறு. செழியனின் போட்டோவுக்கு முன்னால் எண்ணெய் விளக்கு ஒன்று எரிந்தது. அவள் அசையும்போதெல்லாம் முடியிலிருந்து தூள் உதிர்ந்து மிதந்தது. ஒரு துகள் விளக்கின் மேல் போய் விழுந்து, வெள்ளையாகப் பளிச்சென்று மின்னி மறைந்தது.

ஒரு பொறி தெறித்தால் போதும், அந்த முடியே பற்றிக்கொள்ளும் என்று ஆவுடைத்தாய்க்குத் தெரியும். டிவி பக்கம் பிறகுதான் திரும்பினாள்.

நீலச் சட்டைக்காரன் நடந்துகொண்டிருந்தான்.

சின்னத்தாயின் விரல்கள் விரிந்தே இருந்தன. திறந்த உள்ளங்கைகளில் ரிமோட் ஒரு பறவைக்குஞ்சுபோலக் கிடந்தது. யாரும் எதையும் அமுக்கவில்லை. அவன் நடந்தான். நின்றான். கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்தான். மறுபடி நடந்தான். பாதையில் ஒரு பள்ளம் வந்தது. அதன் விளிம்பில் நின்றவன், சட்டென்று பின்னால் வந்து, ஓடிப் போய்த் தாவினான்.

"பார்த்தீகளா?" எழில் அவள் காதருகில் கிசுகிசுத்தாள். "அண்ணன் இப்படித்தான் ஆடும். பின்னால வந்துதான் தாண்டும். எப்பவும்."

ஆவுடைத்தாய் நிலைப்படியிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள். திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எத்தனை பெட்டிகளைத் திறந்து மூடியிருக்கிறாள்! யாரும் தொடாத ரிமோட் பள்ளத்தைக் கண்டு பின்வாங்குவதை அவள் பார்த்ததில்லை. அதற்கான காரணம் அவளுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

"வா தாயி, உக்காரு" என்றாள் சின்னத்தாய் திரும்பிப் பார்க்காமலே. "செழியா, அத்தை வந்திருக்கா பாரு."

பொம்மை நின்றது. ஆவுடைத்தாய் உள்ளே போய் அவளருகில் குந்தினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பகலெல்லாம் வெந்த ஓட்டு வீட்டின் புழுக்கத்தில் சின்னத்தாயின் கையில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. முழங்கையிலிருந்து வெள்ளிக் கோடாக இறங்கி, உள்ளங்கையில் தேங்கி, ரிமோட்டின் இரண்டு மூடிகளும் சேரும் இடுக்கில் மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. பட்டனுக்குக் கீழே இருக்கும் கருப்பு ரப்பர் போய்ப் பலகையைத் தொட்டால்தான் கரண்ட் பாயும், பொம்மை நடக்கும். அந்த இடத்தில் ஈரமான உலோகத்தூள் பாலம் போட்டால்? ரப்பரே தேவையில்லை. விரலும் தேவையில்லை.

"மதினி, ஒரு தடவை எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவிட்டு வந்து பிடிங்க."

"கழுவப்படாது."

"ஏன்?"

"கழுவுனா வரமாட்டான். நான் பார்த்துட்டேன். லீவு நாள்ல குளிச்சுட்டு உக்காந்தா வரவே மாட்டான். வேலை வாடையோட இருந்தாத்தான் அம்மான்னு அவனுக்குத் தெரியுது. சின்னப் பிள்ளையில என்னை அப்படித்தான பார்த்தான்."

ஆவுடைத்தாய் தயங்கித் தயங்கிப் பேசினாள். "நான் அதைத் திறக்கட்டுமா மதினி? உங்க கண்ணு முன்னாலேயே. உள்ள என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க."

வெள்ளி முகம் மெல்லத் திரும்பியது. "சத்தியம் பண்ணுனியே."

"பண்ணுனேன். அதான் கேக்குறேன்."

"ஒரு பிள்ளையப் பெத்திருந்தா இதைக் கேக்க உனக்கு வாய் வருமா? உன் வீட்டு டப்பாவெல்லாம் வெறும் டப்பா. எதுக்குள்ளயும் ஒரு உசுரு இருந்ததில்ல. உன் வயித்தைப் போலத்தான். எந்திரிச்சுப் போடி வெளிய!"

அறைந்ததுபோல இருந்தது. போயிருப்பாள். கால்கள் எழுந்தும்விட்டன. ஆனால் அந்த நேரத்தில் எழில் பாய்ந்து வந்து அம்மாவின் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏய்! குடுடி! கீழ போட்டுறாதே! அவனுக்கு வலிக்கும்!"

எழில் கொடுக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்று, அம்மா பிடித்த மாதிரியே உள்ளங்கைகளை விரித்து அதை ஏந்தினாள். மூவரும் டிவியைப் பார்த்தார்கள். நீலச் சட்டைக்காரன் அசையாமல் நின்றான். வெளியே ஏதோ வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

பிறகு அவன் நடந்தான்.

"உன்கிட்டயும் வாரானா?" சின்னத்தாயின் குரல் உடைந்தது. பொறாமையா, பயமா என்று சொல்ல முடியாத ஒரு குரல்.

"என் கையைப் பாரும்மா. இப்பத்தான் கழுவிட்டு வந்தேன். மருந்தும் இல்ல, வாடையும் இல்ல. அண்ணன் வாறதா இருந்தா எம்புட்டு நாளா நான் கூப்பிடுறேன், என்கிட்ட வந்திருக்கும்ல? இது அண்ணன் இல்லம்மா. உன் கை மருந்துதான் உள்ள போயிருக்கு, அதான் அத்தை கழுவச் சொன்னாக. அத்தையைத் திறக்கச் சொல்லு. உள்ள அவன் இருந்தா நானும் உன்கூட இங்கயே உக்காந்துக்கிடுறேன். பள்ளிக்கூடம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

சின்னத்தாய் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கின் மேல் இன்னொரு துகள் மின்னி அணைந்தது.

"திற" என்றாள்.

ஆவுடைத்தாய் முதலில் போட்டோவுக்குப் போட்டிருந்த செவ்வந்தியில் ஒன்றைக் கிள்ளி எடுத்து, அதன் காம்பால் திரியை உள்ளே இழுத்து விளக்கை அமர்த்தினாள். விளக்கை வெளியே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து வீடியோ கேமின் பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ரிமோட்டைக் கவிழ்த்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினாள். மூடி வரவில்லை. உள்ளே ஏதோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தை விட்டு நெம்பினாள். ஈரமாக ஒரு சத்தத்தோடு பிரிந்தது.

உள்ளே வெள்ளிச் சேறு. பலகையே தெரியவில்லை. ரப்பர், வயர், பட்டன் எல்லாமே பளபளக்கும் ஈரக் குழம்பில் மூழ்கிக் கிடந்தன. வேர்வை நாற்றமும் மருந்து நாற்றமும் சேர்ந்து குப்பென்று வந்தது. ஏதோ உயிருள்ள ஒன்றின் வயிற்றைக் கீறித் திறந்துவிட்டதுபோல எழில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்னத்தாய் குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். வாழ்நாளெல்லாம் அதிலே கையை முக்கியவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது கம்பி மத்தாப்பு மருந்து. எங்க கம்பெனிக் குழம்பு." அவள் வெகுநேரம் தன் விரலையே பார்த்தாள். "அவன் வேலை பார்த்தது பூச்சட்டிக் கம்பெனியில. அங்க இது கிடையாது. கரித்தூள்தான். இது என் கை."

அவள் விரலை முந்தானையில் தேய்த்துத் துடைத்தாள்.

"அப்போ நான்தானா? நான்தான் அவனை நடக்க வச்சேனா? எனக்கு நானே பேசிக்கிட்டா இருந்தேன்?"

"மதினி..."

"சொல்லு தாயி. நான்தானா?"

ஆவுடைத்தாயால் பள்ளத்தின் விளிம்பில் அவன் பின்வாங்கியதை மறக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஆமோதிப்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து வெள்ளியைத் துடைக்கப் போனாள். சின்னத்தாய் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நான் பண்ணுறேன்."

அவளே துடைத்தாள். பஞ்சு பஞ்சாக வெள்ளி வந்தது. கருப்பு ரப்பரைத் தூக்கியபோது, அதன் அடியில், பலகையின் மூலையில், காய்ந்து இறுகிப்போன கருமை கொஞ்சம் ஒட்டியிருந்தது. மை இட்டதுபோல ஒரு சின்னத் தடம். அதன் மேல் விரலை வைத்ததும் சின்னத்தாயின் உடம்பு குலுங்கியது.

"கருமருந்து. இது அவன். இது எம்பிள்ளை."

அந்த இடத்தில் மட்டும் அவள் மெதுவாகத் துடைத்தாள். அழுத்தாமல், குழந்தையின் காதுக்குப் பின்னால் துடைப்பதுபோல. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. "மூட்டையா கட்டிக் கொண்டாந்தாகளே. ஒரு செம்புத் தண்ணி ஊத்த விட்டாகளா? பெத்தவ கையால குளிப்பாட்ட விட்டாகளா? அழுக்கோடயே அனுப்பிட்டேனே சாமி. முகத்துல கரியோடயே போயிட்டியே."

பலகை பச்சையாகவும் சுத்தமாகவும் தெரியத் தொடங்கியபோது ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டிருந்தது. ஆவுடைத்தாய் ரப்பரை வைத்து, மூடியைப் பொருத்தி, திருகாணிகளை முறுக்கினாள். பிளக்கை மாட்டினாள். டிவியில் நீல வானம் வந்தது. செங்கல் சுவர் வந்தது. நீலச் சட்டைக்காரன் வந்து நின்றான்.

சின்னத்தாய் ரிமோட்டைப் பழையபடி உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டாள். கையெல்லாம் இன்னும் வெள்ளிதான். வேர்வையும் வழிந்தது. ஆனால் ஆவுடைத்தாய் இடுக்கைச் சுற்றி ஒட்டிய டேப் அதை உள்ளே விடவில்லை.

அவன் நின்றான்.

"செழியா" என்றாள்.

நின்றான்.

"அம்மா கூப்பிடுறேன்ல. ஒரே ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு வையி ராசா."

நடந்த பொம்மையைக் கண்டு ஆவுடைத்தாய் பயந்தாள்தான். அது வெறும் பயம். இப்போது, அழைக்க அழைக்க அசையாமல், தங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிற பொம்மையைக் கண்டபோது அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சாவு அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அது யாரையும் மிரட்டாது. எவ்வளவு கூப்பிட்டாலும் நின்ற இடத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

"போயிட்டான்" என்றாள் சின்னத்தாய். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்ததுபோல மறுபடி சொன்னாள். "எம்பிள்ளை போயிட்டான்."

அதன் பிறகு அவளிடமிருந்து கிளம்பிய ஓலம், ஐப்பசியிலிருந்து நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடந்த ஓலம். தெருவில் நாய்கள் குரைத்தன. கதவுகள் திறந்தன. பெண்கள் தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடி வந்தார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள், வெள்ளி முகத்தில் கண்ணீர் இரண்டு கருத்த தடங்களாகக் கோடு போட்டு இறங்குவதைப் பார்த்ததும் கேள்வியை நிறுத்திவிட்டு அவளோடு சேர்ந்து மாரடித்து அழுதார்கள். போன சீசனில் அழுது முடித்தவர்கள்தான் எல்லாரும். இன்றைக்கு மறுபடியும் முதலிலிருந்து அழுதார்கள்.

எழில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அழுது ஓய்ந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரோ ஒருத்தி கொல்லையில் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனாள். ஆவுடைத்தாய் சின்னத்தாயைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்கார வைத்து, தலையோடு தண்ணீர் ஊற்றினாள். வெள்ளி கரைந்து தரையில் ஓடியது. அதற்கடியிலிருந்து வெளிறிப்போன, கன்னம் ஒட்டிய, சாதாரணமான ஒரு பெண்ணின் முகம் வந்தது.

"தாயி, ஒன்னை என்னமோ சொல்லிட்டேன்ல" என்றாள் அந்த முகம்.

"நீங்க எதுவும் சொல்லல மதினி. குனிங்க, முதுகைத் தேய்ச்சு விடுறேன்."

ஈரத் தலையோடு உள்ளே வந்த சின்னத்தாய் மகளைப் பார்த்து நின்றுவிட்டாள். தோளில் தையல் விட்ட சட்டை. கணுக்காலுக்கு மேலே ஏறிப்போன பாவாடை. வெகுதூரம் போய்விட்டு வந்தவள்போலப் பார்த்தாள்.

"எப்பட்டி இம்புட்டு வளந்தே?"

எழில் விம்மினாள். சின்னத்தாய் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அடித்த காய்ச்சல் எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

"திங்கக்கிழமை அந்தக் கம்பெனிக்குப் போவியா?" எழில் கேட்டாள்.

"அங்கன யாரு இருக்கா, போறதுக்கு?"

அவள் அடுப்படிக்குப் போனாள். பானையில் மிச்சமிருந்த சோற்றைப் புதுத் தட்டில் போட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். ஓர் உருண்டை உருட்டி மகளின் வாயருகே கொண்டுபோனாள். "அத்தை, நீங்களும் உக்காருங்க" என்று எழில் சொன்னபோது, ஆவுடைத்தாய் மறுக்காமல் கையை நீட்டினாள். அவளுக்கும் ஓர் உருண்டை விழுந்தது.

டிவியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்று பெண்களும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீலச் சட்டைக்காரன் அவர்களுக்குப் பின்னால், பள்ளத்துக்கு இந்தப் பக்கம், அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.